நம்ம ஸ்டைபண்டும் நாடாளுமன்றமும்



“பார்லிமெண்டைப் பத்தியா? அதெல்லாம் நமக்கு எதுக்குப்பா? அரியரை கிளியர் பண்ணவே நேரம் பத்தல!” ஆண்டு மலருக்கு என்ன எழுதப் போகிறேன் என்று சொன்னதும் நண்பர்கள் பலரிடமிருந்து வந்த பதில் இது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நாடாளுமன்றம் என்றதும் நம் கண்முன் வருவது டி.வி.யில் பார்க்கும் கூச்சல் குழப்பம்தான். ‘அவை ஒத்திவைப்பு’ என்று மறுநாள் பேப்பரில் தலைப்பு வரும். டீக்கடையில் பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். நாம் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டுவோம்.

ஆனால் ஒரு கேள்வி. டிப்ளமோ முடித்தவுடன் நம்மில் பலர் ஒரு வருடம் அப்ரண்டிஸாகப் போகப் போகிறோம். மாதம் இவ்வளவு என்று ஸ்டைபண்டு வரும். அந்தத் தொகையை முடிவு செய்வது யார்? வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். “கம்பெனிதான், வேற யாரு?” என்றான் ஒருவன். “தரமணி ஆபீஸ்” என்றான் இன்னொருவன். சென்னை தரமணியில் இருக்கும் தென்மண்டல அப்ரண்டிஸ்ஷிப் பயிற்சி வாரியத்தைத்தான் அவன் சொன்னான். இரண்டு பேருமே பாதி வழியில் நின்றுவிட்டார்கள். கம்பெனி பணத்தைக் கொடுக்கிறது. வாரியம் மேற்பார்வை பார்க்கிறது. ஆனால் ‘இதற்குக் குறையாமல் கொடுத்தே ஆகவேண்டும்’ என்று சொல்லும் அதிகாரம் டில்லியில் நாடாளுமன்றத்திலிருந்து புறப்பட்டு வருகிறது.

அது எந்த வழியாக வருகிறது? வழியில் யார் யார் கை படுகிறது? நாம் எந்த இடத்தில் போய் நின்றால் நம் குரல் கேட்கும்? இந்த மூன்றையும் நம் ஸ்டைபண்டை உதாரணமாக வைத்தே பார்த்துவிடுவோம்.

நமக்கென்று ஒரு சட்டம்

1961-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் அப்ரண்டிஸ் சட்டத்தை நிறைவேற்றியது. பெரிய தொழிற்சாலைகள் தங்களிடம் உள்ள இயந்திரங்களையும் அனுபவசாலிகளையும் வைத்து இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால் அந்தச் சட்டம் வந்தபோது நாம் அதில் இல்லை. ஃபிட்டர், டர்னர் போன்ற தொழிற்பிரிவு அப்ரண்டிஸ்களுக்காகவே அது எழுதப்பட்டிருந்தது. டிப்ளமோ படித்தவர்களும் பொறியியல் பட்டதாரிகளும் 1973-இல் வந்த திருத்தத்தால்தான் உள்ளே வந்தார்கள். 12 வருடம் கழித்து! 1986-இல் மேல்நிலைத் தொழிற்கல்வி மாணவர்கள் சேர்க்கப்பட்டார்கள். 2014-இல் பொறியியல் அல்லாத படிப்பு முடித்தவர்களுக்கும் கதவு திறந்தது.

இந்தச் சட்டத்தின் 18-ஆவது பிரிவை நாம் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல என்று அது சொல்கிறது. ஆகவே தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக நம்மைத் தொடாது. உடல்நலம், பாதுகாப்பு, விபத்து இழப்பீடு போன்றவற்றுக்கு இந்தச் சட்டத்திலேயே தனி ஏற்பாடு இருக்கிறது. மற்றபடி பக்கத்து மெஷினில் நிற்கும் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி பற்றிய சட்டம் துணைக்கு வரும்; நமக்கு வராது. அந்த ஒரு வருடத்துக்கு நம்முடைய குடை இந்த ஒரு சட்டம்தான். அதில் ஓட்டை இருந்தால் நனைவது நாம்தான்.

மசோதா போகும் வழி

நம் நாடாளுமன்றத்துக்கு மூன்று அங்கங்கள்: ஜனாதிபதி, மக்களவை, மாநிலங்களவை. மக்களவையில் 543 உறுப்பினர்கள். நாம் நேராக ஓட்டுப் போட்டு அனுப்புகிறவர்கள் இவர்கள்தான். மாநிலங்களவையில் 245 இடங்கள். இதில் 12 பேரை ஜனாதிபதி நியமிக்கிறார். மற்ற 233 பேரை மாநிலங்கள், சட்டசபையுள்ள சில யூனியன் பிரதேசங்கள் ஆகியவற்றின் எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39 இடம், மாநிலங்களவையில் 18 இடம். மக்களவையின் ஆயுள் ஐந்து வருடம். இடையில் கலைக்கவும் முடியும். மாநிலங்களவை கலைவதே இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் ஓய்வு பெறுவார்கள், புதியவர்கள் வருவார்கள்.

ஒரு சட்டம் பிறப்பதை நம் வொர்க்ஷாப் பாஷையில் சொன்னால், ஒரு ஜாப் வரிசையாகப் பல ஆபரேஷன்களைத் தாண்டி வருவது மாதிரிதான்.

முதல் ஆபரேஷன், அறிமுகம். அமைச்சர் மசோதாவை அவையில் வைப்பார். இதற்கு முதல் வாசிப்பு என்று பெயர். வழக்கமாக இந்தக் கட்டத்தில் விவாதம் இருக்காது.

இரண்டாவது வாசிப்புதான் உண்மையான வேலை. மசோதாவின் நோக்கத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசுவார்கள். தேவைப்பட்டால் ஒரு குழுவுக்கு அனுப்புவார்கள். பிறகு ஒவ்வொரு ஷரத்தாக எடுத்து, திருத்தம் இருந்தால் அதற்கு ஓட்டெடுத்து, முடிவு செய்வார்கள்.

மூன்றாவது வாசிப்பு, ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் மாதிரி. மொத்த மசோதாவை ஏற்பதா, தள்ளுவதா என்பது மட்டும்தான் கேள்வி.

பிறகு அடுத்த அவை. அங்கேயும் இதே மூன்று வாசிப்பு. இரண்டு அவைக்கும் ஒத்துவராவிட்டால் கூட்டுக் கூட்டம் கூட்ட அரசியல் சட்டத்தின் 108-ஆவது பிரிவு வழி செய்கிறது. இப்படிச் சட்டம் இயற்றியது 1961, 1978, 2002 ஆகிய மூன்று வருடங்களில். 1961-இல் அப்படி நிறைவேறியது வரதட்சணைத் தடைச் சட்டம். வரி, அரசுச் செலவு போன்றவை மட்டும் அடங்கிய பண மசோதாவுக்கு இந்த வழி கிடையாது. அதில் மக்களவை சொல்வதே முடிவு. மாநிலங்களவை 14 நாளுக்குள் தன் யோசனையைச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

கடைசியாக ஜனாதிபதியின் ஒப்புதல். அவர் மசோதாவை மறுபரிசீலனைக்கு ஒருமுறை திருப்பி அனுப்பலாம். இரு அவைகளும் மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் ஒப்புதல் தந்தாக வேண்டும். பண மசோதாவை அப்படித் திருப்ப முடியாது.

நம் சட்டத்தின் 2014-ஆம் வருடத் திருத்தம் இந்த வழியில்தான் வந்தது. ஆகஸ்டில் மக்களவை நிறைவேற்றியது, நவம்பரில் மாநிலங்களவை. டிசம்பரில் ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தார், அந்த மாதமே அமலுக்கும் வந்தது. அதுவரை சட்டத்தை மீறும் முதலாளிக்குச் சிறைத் தண்டனைக்கும் இடம் இருந்தது. அந்தத் திருத்தம் அதை எடுத்துவிட்டு அபராதம் மட்டும் வைத்தது. அதே திருத்தம், பயிற்சி முடித்த அப்ரண்டிஸ்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்றும் சொன்னது. இரண்டுமே நம் தலையெழுத்தைப் பற்றிய விஷயம். நாம் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தோம். அன்று டிப்ளமோ படித்துக்கொண்டிருந்த அண்ணன்களில் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்பார்கள்?

அசெம்ப்ளி டிராயிங்கும் பார்ட் டிராயிங்கும்

சரி, இந்தச் சட்டத்தைப் பிரித்து ‘டிப்ளமோ அப்ரண்டிஸுக்கு மாதம் எவ்வளவு’ என்று தேடிப் பாருங்கள். கிடைக்காது! ‘விதிகளில் வகுக்கப்படும் குறைந்தபட்சத் தொகை’ என்ற பொருளில்தான் 13-ஆவது பிரிவு பேசும். தொகை எங்கே இருக்கிறது? மத்திய அரசு வெளியிட்ட 1992-ஆம் வருட அப்ரண்டிஸ்ஷிப் விதிகளில் இருக்கிறது.

மெஷின் டிராயிங் படித்த நமக்கு இது எளிதில் புரியும். சட்டம் என்பது அசெம்ப்ளி டிராயிங். எந்தப் பாகம் எங்கே பொருந்தும் என்று காட்டும். விதிகள் பார்ட் டிராயிங். எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு டாலரன்ஸ் என்பதெல்லாம் அதில்தான். லேத்தில் நிற்பவன் கையில் இருப்பது பார்ட் டிராயிங். அது தப்பாக இருந்தால் அசெம்ப்ளி டிராயிங் எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

நம் பார்ட் டிராயிங் எப்படி மாறி வந்தது என்று பாருங்கள். டிப்ளமோ அப்ரண்டிஸுக்கு மாதம் ரூ.2,530 என்றிருந்ததை 2014 டிசம்பரில் ரூ.3,542 ஆக்கினார்கள். 2019 செப்டம்பரில் விதிகளைத் திருத்தி ரூ.8,000 ஆக்கினார்கள். 2025 மே மாதம் மத்திய அப்ரண்டிஸ்ஷிப் கவுன்சில் கூடி, ஸ்டைபண்டை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று அரசுக்குப் பரிந்துரை செய்தது. இவற்றில் எந்தத் தொகையும் மசோதாவாக அவைக்கு வந்து, விவாதம் நடந்து, ஓட்டெடுப்பில் நிறைவேறியதல்ல. அமைச்சகம் தயாரித்து, கெஜட்டில் வெளியிட, அமலுக்கு வந்தவை.

“அப்போ பார்லிமெண்டுக்கு இதுல வேலையே இல்லையா?” என்று கேட்கலாம். இருக்கிறது. எல்லாவற்றையும் சட்டத்திலேயே எழுதினால், ஒவ்வொரு முறை தொகையை மாற்றவும் இரண்டு அவையிலும் மூன்று வாசிப்பு நடத்த வேண்டியிருக்கும். காரியம் நடக்காது. ஆகவே விவரங்களை நிரப்பும் அதிகாரத்தை நாடாளுமன்றம் அரசிடம் கொடுக்கிறது. கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வதில்லை. அந்த விதிகளை இரு அவைகளிலும் மொத்தம் 30 நாள் மேஜைமேல் வைக்க வேண்டும் என்று 37-ஆவது பிரிவில் எழுதியிருக்கிறது. இரு அவைகளும் சேர்ந்து மாற்றச் சொன்னால் மாற வேண்டும். வேண்டாம் என்றால் அந்த விதி செல்லாது. இதுபோன்ற விதிகளைச் சரிபார்க்கவே இரு அவைகளிலும் சார்நிலைச் சட்டக் குழு என்று தனித்தனியாக ஒவ்வொரு குழு இருக்கிறது. அமைச்சர்கள் அதில் உறுப்பினராக முடியாது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான சட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் கட்டுக்கட்டாக விதிகள். யாராவது ஒரு எம்.பி.யின் காதில் ‘இந்த விதியில் இந்த எண் எங்களைப் பாதிக்கிறது’ என்று போட்டால்தான் அவர் அந்தக் காகிதத்தைக் கையில் எடுப்பார். போடவில்லை என்றால் 30 நாள் ஓடிவிடும். காகிதம் மேஜையில் கிடந்தது என்பது மட்டும்தான் பதிவாகும்.

ஓட்டுப் போடும் கை

இனி நம் பிரதிநிதியிடம் வருவோம். 2024 தேர்தலில் நாடு முழுக்க வாக்காளர் சுமார் 97 கோடி. 543-ஆல் வகுத்தால் ஒரு எம்.பி.க்கு 17 லட்சத்துக்கு மேல். இது சராசரிதான். 2019 தேர்தலில் தெலங்கானாவின் மல்காஜ்கிரி தொகுதியில் 31 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். லட்சத்தீவில் 55 ஆயிரம் பேர்தான். இருவருக்கும் அவையில் ஒரே ஓட்டு.

தொகுதிக் கணக்கு எப்போதுமே சிக்கலானது. 1962 தேர்தலில் அன்றைய சென்னை மாநிலத்துக்கு 41 மக்களவை இடங்கள் இருந்தன. 1967-இல் 39 ஆனது. மக்கள்தொகைதான் அளவுகோல் என்றால், குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்களுக்கு இடம் குறையுமே என்ற கவலை எழுந்தது. 1976-இல் 42-ஆவது திருத்தம் மாநிலங்களின் எண்ணிக்கையை 1971 கணக்கெடுப்போடு நிறுத்திவைத்தது. 84-ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. ‘ஒரு ஆளுக்கு ஒரு மதிப்பு’ என்பதும் ‘மாநிலத்துக்கு நியாயம்’ என்பதும் ஒன்றோடொன்று உரசும் இடம் இது. நம் தலைமுறை காது கொடுத்துக் கேட்கவேண்டிய விவாதம்.

அடுத்து, நாம் அனுப்பிய எம்.பி. தன் இஷ்டப்படி ஓட்டுப் போட முடியுமா? பெரும்பாலும் முடியாது. 1985-இல் 52-ஆவது திருத்தம் கட்சித் தாவல் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு கட்சியில் ஜெயித்து இன்னொரு கட்சிக்குத் தாவுவதைத் தடுக்க வந்த சட்டம் அது. அதன்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ, ஓட்டுப் போடாமல் இருந்தாலோ, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவியே போகலாம். ஆகவே மசோதா ஓட்டெடுப்பில் நம் எம்.பி.யின் கை எந்தப் பக்கம் உயரும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம்.

“அப்புறம் அவருகிட்ட போய்ச் சொல்லி என்னத்துக்கு?” என்று விட்டுவிடுகிறோம். இங்கேதான் நாம் கவனிக்கத் தவறுகிறோம். கொறடா உத்தரவு ஓட்டுக்குத்தான். கேள்வி கேட்க எந்த எம்.பி.யும் கொறடாவின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. குழுக்களிலும் கொறடா உத்தரவு கிடையாது. அந்த இரண்டு இடங்களில்தான் அவர் நம்முடைய பிரதிநிதியாக முழுதாக நிற்க முடியும். நம் ஸ்டைபண்டு மாதிரியான விஷயங்கள் ஓட்டெடுப்புக்கு வராமல் விதிகளில் முடிவாகின்றன என்று பார்த்தோம். அப்படியானால் நமக்கு வேண்டியது அவருடைய ஓட்டைவிட அவருடைய கேள்வி.

கேள்வி நேரம்

மக்களவை கூடியதும் முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்வியும் கேட்கலாம். ஒரு நாளைக்கு 20 கேள்விதான் அப்படி வரும். நட்சத்திரக் குறி இல்லாத கேள்விகள் 230 வரை. அவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். எப்படி வந்தாலும் அது அமைச்சரின் பதில். அவைப் பதிவில் ஏறிவிடும்.

ஒரு கேள்விக்கு எவ்வளவு சக்தி என்பதற்கு ஒரு பழைய சம்பவம். 1956-இல் எல்.ஐ.சி. உருவானது. அடுத்த வருடமே முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிகளில் அது சுமார் ஒன்றேகால் கோடி ரூபாயைப் போட்டது. பாலிசிதாரர்களின் பணம் எப்படி அங்கே போனது என்று மக்களவையில் கேள்வி எழுந்தது. ஆளும் காங்கிரஸைச் சேர்ந்த பெரோஸ் காந்தியே விடாமல் துருவினார். நீதிபதி சாக்ளா விசாரணை நடத்தினார். முடிவில் 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். தன் கட்சி அரசையே, தன் மாமனார் நேரு பிரதமராக இருக்கும்போதே, ஒரு உறுப்பினர் கேள்வி கேட்டார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பதில் மழுப்பலாக வந்தாலும் வீண் இல்லை. ‘விஷயம் பரிசீலனையில் உள்ளது’ என்று அமைச்சர் சொன்னால் நமக்குச் சலிப்பு வரும். “ஊத்தி மூடிட்டாங்க” என்போம். ஆனால் நாடாளுமன்றத்தில் அது ஒரு வாக்குறுதியாகக் கணக்கில் ஏறும். அரசு வாக்குறுதிக் குழு என்று ஒன்று இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் ஏன் என்று சொல்லி அவகாசம் கேட்க வேண்டும் என்பது நடைமுறை.

குழுக்களையும் மறந்துவிடக் கூடாது. 1993-இல் துறைவாரி நிலைக்குழுக்களை ஏற்படுத்தினார்கள். இப்போது 24 குழுக்கள். ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். கல்விக்கு ஒரு குழு. தொழிலாளர், திறன் மேம்பாடு ஆகியவற்றுக்கு ஒரு குழு. கதவை மூடிக்கொண்டு கூடுவதால் கேமராவுக்காகக் கத்த வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. முக்கியமான மசோதாக்கள் குழுவுக்குப் போகும்போது பொதுமக்கள் கருத்தனுப்பலாம் என்று பத்திரிகைகளில் விளம்பரம் கொடுப்பார்கள். பெரிய கம்பெனிகளின் சங்கங்கள் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு ஒழுங்காக எழுதி அனுப்புகின்றன. மாணவர் சங்கங்களும் எழுதலாம். யாரும் தடுக்கவில்லை.

அமைச்சராக இல்லாத ஒரு தனி உறுப்பினரே மசோதாவும் கொண்டுவரலாம். அப்படி இரு அவைகளிலும் நிறைவேறிய மசோதா 1970-க்குப் பிறகு இல்லை. ஆனாலும் முயற்சி வீணாவதில்லை. 2015 ஏப்ரலில் தமிழ்நாட்டைச் சேர்ந்த திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர் உரிமை மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. ஆனால் பிறகு அரசே தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்து 2019-இல் சட்டமாக்கியது. அந்தச் சட்டத்தில் பலருக்குக் குறை உண்டு என்றாலும், பேச்சைத் தொடங்கி வைத்தது ஒரு தனி உறுப்பினர்.

ஒரு கேள்வி எழுதிப் பார்ப்போம்

பாடம் என்றால் பயிற்சி வேண்டாமா? இதோ பயிற்சி.

போன வருடம் அப்ரண்டிஸாகப் போன ஒரு அண்ணன் விடுமுறையில் வந்தபோது புலம்பினார். “மூணு மாசமா ஸ்டைபண்டு ஒழுங்கா வரல. ரூம் வாடகை, மெஸ் காசு எல்லாம் வீட்லேர்ந்துதான் வருது. இதெல்லாம் நியாயமா? கேக்க ஆளே இல்லையா?” இந்தப் புலம்பலை அப்படியே எம்.பி.யிடம் கொடுத்தால் அவரால் கேள்வியாகக் கேட்க முடியாது. கேள்விக்கென்று விதி இருக்கிறது. 150 வார்த்தைக்குள் இருக்க வேண்டும். வாதம், கிண்டல், குற்றச்சாட்டு கூடாது. அமைச்சரின் அபிப்பிராயத்தைக் கேட்கக் கூடாது. தகவலைக் கேட்க வேண்டும். மத்திய அரசின் பொறுப்பில் உள்ள விஷயமாக இருக்க வேண்டும். குறைந்தது 15 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

எந்த அமைச்சகம் என்பதும் முக்கியம். டிப்ளமோ, டிகிரி அப்ரண்டிஸ் திட்டத்தை நடத்துவது கல்வி அமைச்சகம். குறைந்தபட்ச ஸ்டைபண்டில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்வதும் இந்தத் திட்டத்தில்தான். சட்டமும் விதிகளும் திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் கையில் இருக்கின்றன. ஆகவே பணம் தாமதமானால் முதல் அமைச்சகத்தைக் கேட்க வேண்டும். தொகையே போதவில்லை என்றால் இரண்டாவதைக் கேட்க வேண்டும். இரண்டையும் தனித்தனிக் கேள்வியாக எழுதுவதே நல்லது.

அண்ணனின் புலம்பலை இப்படி மாற்றலாம்:

கல்வி அமைச்சர் தெரிவிப்பாரா:
(அ) கடந்த மூன்று ஆண்டுகளில் டிப்ளமோ அப்ரண்டிஸ்களாகச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், மாநில வாரியாக;
(ஆ) ஸ்டைபண்டு தாமதமாகக் கிடைப்பது குறித்து இதே காலத்தில் வந்த புகார்கள் எத்தனை;
(இ) அவற்றின்மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன;
(ஈ) ஸ்டைபண்டு குறித்த தேதியில் கிடைப்பதை உறுதி செய்ய அரசு செய்துள்ள ஏற்பாடு என்ன?

திறன் மேம்பாட்டு அமைச்சர் தெரிவிப்பாரா:
(அ) அப்ரண்டிஸ்களின் குறைந்தபட்ச ஸ்டைபண்டு கடைசியாக எப்போது திருத்தப்பட்டது;
(ஆ) விலைவாசிக்கு ஏற்ப அதைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை திருத்த விதிகளில் இடம் உண்டா;
(இ) இல்லையென்றால் அதற்கான காரணம் என்ன?

பாருங்கள், இதில் கோபம் ஒரு சொட்டுகூட இல்லை. ஆனால் அந்தப் புலம்பலில் இருந்த எல்லாமே இருக்கிறது. ‘புகார்கள் எத்தனை’ என்று கேட்டால் அதிகாரி ஒருவர் உட்கார்ந்து எண்ணியாக வேண்டும். எண்ண ஆரம்பித்தால் பாதிப் பிரச்சினை வெளியே வந்துவிடும். ஒருவேளை ‘புகார் ஒன்றும் வரவில்லை’ என்று பதில் வந்தால், அண்ணன்கள் யாரும் எழுத்தில் புகார் கொடுக்கவே இல்லை என்று அர்த்தம். அதுவும் நமக்கு ஒரு பாடம்தான்.

இதை எம்.பி.யிடம் எப்படிச் சேர்ப்பது? அவருடைய தொகுதி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போதும். நம் சங்கத்தின் பெயரில், யாருக்கு எத்தனை மாதம் பாக்கி என்ற விவரத்தோடு, கேள்வியையும் எழுதி இணைக்க வேண்டும். தினமும் சிபாரிசுக் கடிதம் கேட்டு வருகிறவர்கள் நடுவில், தயாராக எழுதிய கேள்வியோடு வரும் மாணவர்களை எந்தக் கட்சி எம்.பி.யும் அலட்சியம் செய்யமாட்டார் என்று நம்புகிறேன். ஒருவர் கேட்காவிட்டால் மாநிலங்களவையில் 18 பேர் இருக்கிறார்கள். அவர்களும் நம் மாநிலத்தின் பிரதிநிதிகள்தான்.

முடிவாக

முன்பு 21 வயது ஆனால்தான் ஓட்டு. 61-ஆவது திருத்தம் 1989-இல் அதை 18 ஆக்கியது. நம்மில் பெரும்பாலோர் இந்தக் கல்லூரியில் படிக்கும்போதே வாக்காளர் ஆகிவிடுகிறோம். மக்களவைக்குப் போட்டியிட 25 வயது வேண்டும், மாநிலங்களவைக்கு 30. அதுவரை நம் கையில் இருப்பது ஐந்து வருடத்துக்கு ஒரு ஓட்டும், எத்தனை வேண்டுமானாலும் எழுதக்கூடிய கேள்விகளும்.

ஓட்டுப் போட்டதோடு வேலை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். மெஷினை ஆன் செய்துவிட்டு, ஜாப்பைப் பார்க்காமல் கேண்டீனுக்குப் போனால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? அளவு சரியாக வருகிறதா என்று நடுநடுவே வெர்னியரை வைத்துப் பார்க்க வேண்டும். கேள்விதான் அந்த வெர்னியர்.

நம் சங்க நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் ஒன்று. இந்த வருடம் அப்ரண்டிஸாகப் போகிறவர்களின் பட்டியலைச் சங்கத்தில் எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களிடம் ஸ்டைபண்டு வந்ததா என்று விசாரியுங்கள். வராதவர்கள் முதலில் வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளட்டும். அதற்கும் வழி பிறக்காவிட்டால் மேலே உள்ள கேள்வி தயாராக இருக்கிறது. தேதியையும் எண்ணையும் போட்டு அனுப்ப வேண்டியதுதான்.